மஞ்சள் காணுமுன்: நாய்களைப் பற்றும் எலிக்காய்ச்சல்

வீட்டில் வளரும் நாய்க்கு வரக்கூடிய வியாதிகளுள் சில தம்மைத் தாமே பறைசாற்றிக்கொண்டு வருகின்றன. சொறி பிடித்தால் மயிர் உதிர்கிறது. காதுக்குள் உண்ணி ஏறினால் நாய் தலையை உதறிக்கொண்டே இருக்கிறது. காலில் முள் தைத்தால் நொண்டுகிறது. இவற்றைக் கண்டுகொள்ள வைத்திய சாஸ்திரம் வேண்டுவதில்லை, கண் இருந்தால் போதும். ஆனால், சாதாரண அஜீரணம் போலவே தொடங்கி, சில நாட்களுக்குள் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் ஒருங்கே தாக்கி, 'இன்று ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம்' என்று வீட்டார் ஒத்திப்போடும் அந்த ஒரு நாளையே தனக்கு ஆதாயமாக்கிக்கொள்ளும் வியாதி ஒன்று உண்டு. லெப்டோஸ்பைரோசிஸ் என்று மருத்துவர்களும், எலிக்காய்ச்சல் என்று பொதுமக்களும் குறிப்பிடும் நோய் அது. நாயின் கண் மஞ்சளித்த பிறகுதான் பெரும்பாலோர் அதைப் பிராணி வைத்தியரிடம் அழைத்துச் செல்கின்றனர். மஞ்சள் நிறமோ இந்நோயில் காலந்தாழ்ந்து வரும் சாட்சி. பல நாய்களில் அது வருவதே இல்லை. ஆகவே, மஞ்சளுக்கு முந்திய அறிகுறிகளை அறிந்திருப்பதும், அவற்றுக்கும் முந்தி நோய் வரும் வழியையே அடைத்து வைப்பதும் நாய் வளர்ப்போர் ஒவ்வொருவருக்கும் உரிய கடமைகளாகின்றன.

இந்நோயை உண்டாக்குவது லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா. ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறு செய்தால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே அதன் பருமன். நீளமோ அப்பருமனைப் போல் அறுபது மடங்கு முதல் இருநூறு மடங்கு வரை இருக்கும். இவ்வளவு மெல்லியதாகையால் சாதாரண மைக்ராஸ்கோப்பின் வெளிச்சத்தில் இது கண்ணுக்குத் தட்டுவதில்லை. பின்புலம் முழுதும் இருளாயிருக்க, பக்கவாட்டிலிருந்து ஒளி வீசும்படி அமைத்த விசேஷக் கருவியில் நோக்கினால்தான், கறுப்பு வெளியில் வெள்ளி இழைபோல் மின்னிக்கொண்டு, நுனியில் கொக்கிபோல் வளைந்து, தச்சனின் துரப்பணம் மரத்தில் சுழன்று இறங்குவதைப் போல் தன் அச்சிலேயே சுழன்று சுழன்று முன்னேறும் அதன் கோலம் புலப்படும். இந்தச் சுழற்சிதான் அதன் பலம். ஈரத்தில் ஊறி மென்மையான தோலிலும், சிறு சிராய்ப்பிலும், வாய், மூக்கு, கண் ஆகியவற்றின் ஈரமான மென்சவ்விலும் அது எளிதாக நுழைந்துவிடுவதற்கு இந்த இயக்கமே காரணம்.

மனிதரிடம் இந்நோயின் கடுமையான வடிவத்தை முதன்முதல் தெளிவாக விவரித்தவர் அடால்ஃப் வைல் என்ற ஜெர்மானிய மருத்துவர். ஜுரம், மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றும் விசித்திரமான வியாதி ஒன்றைப் பற்றி 1886-ஆம் ஆண்டில் அவர் எழுதினார். ஆயினும் அதற்குக் காரணமான கிருமி எதுவென்பது அவருக்குத் தெரியவில்லை. 1907-ஆம் ஆண்டில் ஸ்டிம்ஸன் என்ற அமெரிக்கர், மஞ்சள் ஜுரத்தால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் துண்டை வெள்ளிச் சாயமிட்டுப் பார்த்தபோது, கேள்விக்குறி போல் வளைந்த நுண்கிருமிகளை அதில் கண்டார். அவர் கண்டது இன்னதென்று உலகம் உணர்ந்துகொள்வதற்கு மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. ஜப்பானில் கியூஷு தீவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வாட்டிய காமாலை ஜுரத்தை ஆராய்ந்த இனாதா, இதோ என்ற இருவர், நோயாளியின் ரத்தத்தைக் கினிப்பன்றிகளுக்கு ஏற்றி, அவற்றின் உடலில் அந்தக் கிருமியைக் கண்டு, 1915-ஆம் ஆண்டையொட்டி அதுவே காரணம் என்று நிலைநாட்டினர். அதே காலத்தில் முதல் உலக யுத்தத்தின் பதுங்கு குழிகளில் சேற்றிலும் எலிகளுக்கிடையிலும் கிடந்த ஜெர்மானியப் போர்வீரர்களின் நோயை ஆராய்ந்த ஜெர்மன் விஞ்ஞானிகளும், ஜப்பானியர் செய்ததை அறியாமலே, அதே முடிவுக்கு வந்தனர். எலியின் சிறுநீரகமே இக்கிருமியின் உறைவிடம் என்பதையும் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் விரைவில் வெளிப்படுத்தினர். சுரங்கமும் பதுங்கு குழியும் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருந்தன. தேங்கிய நீரும் எலியும் இரண்டிலும் பொதுவாக இருந்தன.

நாய்களின் சரித்திரம் இதற்கு இணையாக வேறொரு பாதையில் நடந்தது. 1898-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரத்து நாய்களிடையே, வாந்தியும் வாய்ப்புண்ணும் துர்நாற்றமும் கொண்ட ஒரு கொள்ளைநோய் பரவியது. பின்னர் வெகு காலம் வரை அது 'ஸ்டட்கார்ட் நோய்' என்றே வழங்கி வந்தது. 1930-களின் தொடக்கத்தில் நெதர்லாந்து நாட்டில் கிளாரன்பேக், ஷூஃப்னர் என்ற இருவர் நாய்களிடமிருந்து லெப்டோஸ்பைராவின் தனி வகையொன்றைப் பிரித்தெடுத்தனர். அதற்குக் கானிகோலா என்று பெயர். எலி தன் வகையைச் சுமந்து திரிவது போலவே, நாயும் தனக்கென ஒரு வகையைச் சுமந்து திரிகிறது என்பது அதனால் புலனாயிற்று. இன்று நோய் விளைவிக்கும் வகைகளாக 250-க்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. மாடு, பன்றி, எலி, நாய் என்று ஒவ்வொன்றும் சில வகைகளுக்கு இயல்பான இருப்பிடமாக அமைந்திருக்கிறது.

இயல்பான இருப்பிடம் என்று சொல்வதில் ஒரு முக்கியமான விஷயம் அடங்கியிருக்கிறது. சாக்கடையோரத்து எலிக்கு இக்கிருமியால் யாதொரு கெடுதியும் நேர்வதில்லை. அது தின்கிறது, குட்டி போடுகிறது, ஓடுகிறது. ஓடுகிற இடமெல்லாம் தன் சிறுநீரோடு கிருமியையும் தெளித்துக்கொண்டே, பெரும்பாலும் தன் ஆயுள் முழுவதும், நோய் சுமந்து திரிகிறது. அந்தச் சிறுநீர் வெயில் காயும் சிமெண்டுத் தரையில் விழுந்தால் உலர்ச்சி கிருமியைக் கொன்றுவிடும். ஆனால், நிழலான சேற்றிலோ, மந்தமான குட்டையிலோ, வீட்டுக் கொல்லையில் தேங்கிய மழைநீரிலோ விழுமானால், அங்கே உஷ்ணமும் ஈரமும் ஒத்திருக்கும்போது, பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் வரை அது உயிரோடிருக்கும். அமிலத் தன்மையும், கடும் வெயிலும், கொதிநீரும், பிளீச்சிங் பவுடரும் அதன் விரோதிகள். இளஞ்சூடான தேங்கு நீர் அதன் நண்பன். ஐப்பசி கார்த்திகையில் நம் நகரங்களின் வடிகால்கள் நிரம்பி வழிந்து, எலிகளும் பெருச்சாளிகளும் வளைகளை விட்டு வெளியேறி வீட்டுப் பக்கம் ஒதுங்கும் அந்த வாரங்கள், இக்கிருமிக்கு எல்லாவகையிலும் அனுகூலமானவை.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. அந்தமான் தீவுகளில் இந்நோய் உண்டென்பதை டெய்லர், கோயல் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1931-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கின்றனர். 1993-ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டில் பெய்த பெருமழைக்கும் வெள்ளத்துக்கும் பிறகு, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணின் உட்புற அழற்சியோடு வந்தவர்களின் தொகை வழக்கத்துக்கு மிஞ்சிப் பெருகியது. ஆராய்ந்தபோது அவர்களிடம் லெப்டோஸ்பைரா தொற்றியதற்கான அத்தாட்சிகள் கிடைத்தன. கேரளத்தில் 2018-ஆம் ஆண்டு வெள்ளம் வடிந்தபின் மனிதரிடையே எலிக்காய்ச்சல் பரவியதும் நாம் அறிந்ததே. வெள்ளத்தில் மனிதன் நடந்தான். அதே நீரில் நாய் நடந்தது, நீந்தியது, மோந்தது, குடித்தது. அவனுக்கு நேர்ந்த அபாயத்தைவிட அதற்கு நேர்வது அதிகமே தவிரக் குறைவன்று.

கிருமி நாயின் சரீரத்துக்குள் புகுந்தபின் நடப்பவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், அறிகுறிகள் ஏன் அப்படித் தோன்றுகின்றன என்பது விளங்கும். புகுந்ததும் அது ரத்தத்தில் கலந்து பல்கிப் பெருகுகிறது. இந்தக் கட்டம் ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை நீடிக்கும். ஜுரம், தசைவலி, சோர்வு ஆகியவை அப்போதைய லட்சணங்கள். அதன்பின் உடலின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு ரத்தத்திலிருந்து கிருமியை விரட்டத் தொடங்குகிறது. கிருமியோ அந்தத் தாக்குதல் எளிதில் எட்டாத சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள் ஒதுங்கி, அங்கே குடியேறிவிடுகிறது. குழாய்ச் சுவர்கள் அழற்சியால் வீங்க, சிறுநீரைச் செறிவாக்கும் தொழில் முதலில் கெடுகிறது. அதனால் நாய் மிகுதியாகச் சிறுநீர் கழிக்கிறது. இழந்ததை ஈடு செய்ய மிகுதியாகத் தண்ணீர் குடிக்கிறது. சேதம் முற்றினால் சிறுநீர் குறைந்து, சில நாய்களில் அறவே நின்று, கழிவுப் பொருள்கள் ரத்தத்திலேயே தங்கி வாந்தியையும் மயக்கத்தையும் உண்டாக்குகின்றன. கல்லீரல் தாக்குண்டால் பித்தம் ரத்தத்தில் தேங்கிக் காமாலை தோன்றுகிறது. ரத்தக் குழாய்களின் உட்சுவர் சிதைந்தால், ஈறில் செம்புள்ளிகள், மூக்கில் ரத்தம், கறுத்த மலம் என்று அது வெளிப்படுகிறது. நுரையீரலுக்குள்ளேயே ரத்தம் கசிந்துவிட்டால் மூச்சுத் திணறல் உண்டாகி, சில மணி நேரத்துக்குள்ளேயே பிராணாபத்து நேரலாம்.

கிருமி புகுந்த நாளுக்கும் முதல் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரங்கள் கூடக் கழிகின்றன. 'மழையில் நனைந்தது போன வாரமல்லவா, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' என்று வீட்டார் எண்ணுவதற்கு இடமளிப்பது இந்த இடைவெளியே. ஆகவே நாய் நோயுற்றால், கடந்த இரண்டு மூன்று வாரங்களில் அது எங்கே திரிந்தது, எந்தக் குட்டையில் வாய் வைத்தது, எலியைப் பிடித்ததா, தெருவில் தண்ணீர் தேங்கியிருந்ததா என்பவற்றையெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டு வைத்தியரிடம் சொல்வது, ஒரு பரிசோதனைக்குச் சமமான உபகாரம்.

இனி, ஆரம்ப அறிகுறிகளைச் சற்று அருகிருந்து பார்ப்போம். தட்டு வைக்கும் ஓசை கேட்டதும் வாலாட்டிக்கொண்டு வரும் நாய் ஒரு நாள் வந்து, சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்கிறது. எழுந்திருக்கும்போது முதுகை வில்போல் வளைத்து, கால்களை விறைப்பாக வைத்து, படியேறத் தயங்குகிறது. இடுப்பிலோ வயிற்றிலோ கை வைத்தால் முனகுகிறது, சாதுவான நாயும் உறுமுகிறது. இது பிடிவாதமோ முதுமையோ என்று எண்ணிவிடக் கூடாது. தசையும் சிறுநீரகமும் நோவதால் அது அவ்வாறு செய்கிறது. ஆரோக்கியமான நாயின் உடற்சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். தர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பார்க்கையில் 103.5-ஐத் தாண்டுமானால் ஜுரம் என்று கொள்ளலாம். மூக்கு நனைந்திருக்கிறதா, உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து ஜுரத்தை நிர்ணயிப்பது நம்பத் தகுந்த முறையன்று.

அடுத்தபடியாக நாயை வாசலில் பகல் வெளிச்சத்துக்கு அழைத்து வாருங்கள். மின்விளக்கின் மஞ்சள் ஒளியில் மஞ்சளைத் தேடுவது வீண். மேலுதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். கறுப்புப் படலம் இல்லாத இடத்தில் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் ஒரு கணம் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானால் ரத்த ஓட்டம் தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஈறு பிசுபிசுவென்று ஒட்டினாலும், பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் அது உடனே படியாமல் கூடாரம்போல் நின்றாலும் உடலில் நீர் வற்றியிருக்கிறது. பிறகு மேலிமையைச் சிறிது உயர்த்தி வெள்விழியின் ஓரத்தையும், காது மடலின் உட்புறத்தையும், மயிர் குறைந்த அடிவயிற்றையும் பாருங்கள். மஞ்சளும் செம்புள்ளியும் முதலில் தலைகாட்டுவது அங்கேதான். இறுதியாக, தண்ணீர்க் கிண்ணத்தில் காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மீதியை அளந்து பாருங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மில்லி லிட்டருக்கு மேல் குடிக்கிற நாய், அதாவது ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கிற பத்துக் கிலோ நாய், சந்தேகத்துக்குரியது. வாந்தி, உணவின்மை, ஜுரம், தசைவலி, சிறுநீரின் அளவில் திடீர் மாறுதல் ஆகியவற்றுள் இரண்டு சேர்ந்து காணப்பட்டாலே, அதுவும் மழைக்காலமாயிருந்தால், அன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதுதான் புத்திசாலித்தனம்.

இந்த இடத்தில் மக்கள் வழக்கமாகச் செய்யும் இரண்டு காரியங்களைப் பற்றிச் சொல்லாமல் அப்பால் செல்ல முடியாது. காமாலை என்றவுடன் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து புகட்டுவது ஒன்று. காமாலைக்குக் காரணம் இங்கே ரத்தத்திலும் சிறுநீரகத்திலும் பெருகிக்கொண்டிருக்கும் பாக்டீரியா. அதைக் கொல்லும் மருந்து உள்ளே போகாத வரையில் கழியும் ஒவ்வொரு நாளும் நுண்குழாய்களின் அழிவுக்குத் துணை செய்கிறது. ஜுரத்துக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையோ வலி மாத்திரையையோ பாதியாக உடைத்துக் கொடுப்பது மற்றொன்று. இது முன்னதிலும் ஆபத்தானது. மனிதருக்குச் சாதாரணமான அம்மருந்துகள் நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாமே கெடுக்கவல்லவை. அவ்விரண்டும் ஏற்கெனவே அடிபட்டிருக்கும் வேளையில் அவற்றைக் கொடுப்பது நோய்க்கு நாமே துணை போவதாகும்.

நோய் இதுதான் என்று துணிவது வைத்தியருக்கும் எளிதன்று. நம் ஊர்களில் உண்ணியால் பரவும் எர்லிக்கியா, பபேசியா என்னும் நோய்களும் ஜுரத்தோடு வருகின்றன. அவற்றிலும் ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் குறைகின்றன. பபேசியாவில் காமாலையும் உண்டு. உண்ணி பொறுக்கியெடுத்த நாயாயிற்றே என்று உண்ணிக் காய்ச்சலோடு சிந்தனையை நிறுத்திக்கொண்டால் எலிக்காய்ச்சல் தப்பிவிடும். ஒரே நாயில் இரண்டும் சேர்ந்திருப்பதும் கூடாததன்று. எனவே ரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின், பிலிருபின், கல்லீரல் நொதிகள், தட்டணுக்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டு, சிறுநீரையும் பரிசோதித்து, அவற்றின் ஒட்டுமொத்தமான போக்கைக் கொண்டே வைத்தியர் சந்தேகத்தை உறுதிப்படுத்திக்கொள்கிறார். கிருமியின் மரபுப்பொருளை நேராகத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு முதல் வாரத்தில் ரத்தமும், அதன்பின் சிறுநீரும் உகந்தவை. ஆன்டிபயாட்டிக் மருந்து கொடுப்பதற்கு முன்பே அவற்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் மருந்து பட்டபின் கிருமி இருந்தும் அகப்படாமல் போகலாம். உயிருள்ள லெப்டோஸ்பைராக்களோடு நாயின் ரத்தநீரைக் கலந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றனவா என்று பார்க்கும் பழைய முறையும் இன்றுவரை மதிப்பிழக்கவில்லை. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இருமுறை அதைச் செய்து, எதிர்ப்புப் பொருளின் அளவு நான்கு மடங்கு உயர்ந்திருக்கக் கண்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. சமீபத்தில் போட்ட தடுப்பூசியும் இப்பரிசோதனையில் எதிர்ப்புப் பொருளைக் காட்டக்கூடுமாகையால், ஊசி போட்ட தேதி குறித்த அட்டையை உடன் எடுத்துச் செல்வது அவசியம்.

பரிசோதனையின் முடிவு வரும் வரையில் சிகிச்சை காத்திருப்பதில்லை. சந்தேகம் வலுத்த அன்றே தொடங்கிவிடுவதுதான் முறை. இங்கே பிரதானமான மருந்து டாக்ஸிசைக்ளின். வாந்தியினால் வாய்வழி மருந்து தங்காத நாய்க்கு முதலில் பென்சிலின் இனத்து மருந்துகளை ஊசியாகச் செலுத்தி, வயிறு நிலைப்பட்டபின் டாக்ஸிசைக்ளினுக்கு மாற்றுகிறார்கள். பென்சிலின் ரத்தத்திலிருக்கும் கிருமியை ஒழித்தாலும், சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் பதுங்கியிருப்பதை முற்றிலும் அகற்றுவதற்கு டாக்ஸிசைக்ளினே வேண்டும். அதனால்தான் நாய் மூன்றாம் நாளே எழுந்து வாலாட்டினாலும், இரண்டு வாரத்து மருந்தை ஒரு வேளையும் தவறாமல் கொடுத்து முடிக்க வேண்டுமென்று வைத்தியர் வற்புறுத்துகிறார். பாதியில் நிறுத்தினால், நோய் நீங்கியதாகத் தோன்றும் நாய் வாரக்கணக்கில் சிறுநீரோடு கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கக் கூடும். மருந்தைப் போலவே முக்கியமானது நரம்பு வழியே செலுத்தப்படும் திரவம். எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு சிறுநீராக வெளியே வருகிறது என்று மணிக்கணக்கில் கவனிக்க வேண்டியிருப்பதால், கடுமையாக நோயுற்ற நாய் ஆஸ்பத்திரியிலேயே தங்க நேரிடும். சிறுநீர் அறவே நின்றுவிட்ட நாய்களுக்கு டயாலிசிஸ் கைகொடுக்கிறது என்றாலும், அந்த வசதி மிகச் சில இடங்களிலேயே உள்ளது. உரிய காலத்தில் சிகிச்சை தொடங்கப்பெற்ற நாய்களில் பெரும்பான்மை பிழைத்துவிடுகின்றன என்பதுதான் இந்த நோயைப் பற்றி மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய நல்ல செய்தி.

நோயுற்ற நாயைப் பராமரிப்பவர் தம்மையும் பராமரித்துக்கொள்ள வேண்டும். கிருமி நாயின் சிறுநீரில் இருக்கிறது. தொட்டுத் தடவுவதாலோ, அருகில் அமர்வதாலோ அது தொற்றுவதில்லை. ஆதலால் நாயைக் கண்டு அஞ்சி அதைத் தெருவில் விடுவது அறியாமையும் கொடுமையுமாகும். சிறுநீர் பட்ட இடத்தைக் கையுறையணிந்து துடைத்து, பிளீச்சிங் கரைசலை ஊற்றி, சற்றுநேரம் ஊறவிட்டுக் கழுவி, வெயிலில் உலரவிட வேண்டும். குழாயைத் திறந்து பீய்ச்சியடித்தால் துளிகள் தெறித்து முகத்தில் படும். நீர் தேங்காத, பிறர் புழங்காத ஓரிடத்தில் மட்டும் நாயைச் சிறுநீர் கழிக்கச் செய்வதும், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த வேலையிலிருந்து விலக்கி வைப்பதும் நலம். வீட்டில் வேறு நாய்கள் இருந்தால், ஒரே குட்டையில் அவையும் வாய் வைத்திருக்கக் கூடுமாகையால், அவற்றுக்கும் மருந்து வேண்டுமா என்று வைத்தியரைக் கேட்க வேண்டும். வீட்டாரில் எவருக்கேனும் ஜுரமும், கெண்டைக்கால் தசைவலியும், கண் சிவப்பும் தோன்றுமாயின், தம் மருத்துவரிடம் போனவுடனே, 'எங்கள் வீட்டு நாய்க்கு எலிக்காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார்கள்' என்ற ஒரு வாக்கியத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பல நாள் தேடலை அந்த வாக்கியம் மிச்சப்படுத்தும்.

இனித் தடுப்பு முறைகள். அவற்றுள் முதலாவது நாயின் தண்ணீர்க் கிண்ணத்தில் தொடங்குகிறது. மொட்டை மாடியிலோ கொல்லையிலோ இரவு முழுதும் திறந்து கிடக்கும் கிண்ணத்துக்கு எலியும் வருகிறது. மிச்சமிருக்கும் சோற்றைத் தின்று, அதே நீரைக் குடித்து, விளிம்பிலேறி நடந்து, போகிற போக்கில் சிறுநீரும் பெய்துவிட்டுச் செல்கிறது. காலையில் நீர் தெளிவாகவே இருக்கும்; நாய் நம்பிக்கையோடு குடிக்கும். ஆகையால் இரவில் உணவுத் தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் உள்ளே எடுத்து வைத்து, காலையில் சோப்பினால் தேய்த்துக் கழுவிப் புது நீர் நிரப்புவது, பைசாச் செலவில்லாத மிகச் சிறந்த தடுப்பு. நாய்க்கென்று வாங்கிய தீனி மூட்டையைச் சாக்கோடு மூலையில் சாய்த்து வைக்காமல் மூடியுள்ள டப்பாவில் கொட்டி வைப்பதும், தென்னை மட்டை, பழைய மரச்சாமான், உடைந்த தொட்டி ஆகியவற்றைக் குவித்து எலிக்கு மாளிகை கட்டிக் கொடுக்காமலிருப்பதும், வடிகால் வாயில்களுக்குக் கம்பிவலை பொருத்துவதும் அடுத்தபடிகள். எலிக்கு விஷம் வைத்தால், அந்த விஷத்தையோ, அதைத் தின்று மயங்கிய எலியையோ நாயே தின்று இறக்க நேரிடலாம்; பொறிதான் உத்தமம். மழை பெய்த மறுநாள் உலாவப் போகையில் நாயைக் கயிற்றில் பிடித்து, தேங்கிய நீரை விலக்கி நடத்தி, வீடு திரும்பியதும் கால்களைக் கழுவித் துடைத்து உலர்த்திவிட வேண்டும்.

இவ்வளவு செய்தும் எலியை உலகத்திலிருந்து ஒழித்துவிட முடியாதாகையால், தடுப்பூசி இன்றியமையாததாகிறது. கொல்லப்பட்ட லெப்டோஸ்பைராக்களைக் கொண்டு செய்யப்படும் இந்த ஊசியில் பல ஆண்டுகளாகக் கானிகோலா, இக்டெரோஹெமோராஜியே என்ற இரு வகைகளே இடம்பெற்று வந்தன. இப்போது நான்கு வகைகளுக்கு எதிரான ஊசிகளும் கிடைக்கின்றன. ஒரு வகைக்கு எழும் எதிர்ப்பு மற்றொரு வகையை முழுமையாகத் தடுப்பதில்லை. ஆதலால் தம் வட்டாரத்தில் எந்த ஊசி ஏற்றது என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. குட்டிக்கு இரண்டு மூன்று மாத வயதில் முதல் ஊசியும், அதிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் இரண்டாவதும் போட வேண்டும். முதல் ஊசியோடு நின்றால் காப்பு ஏற்படுவதில்லை. அதன்பின் ஆண்டுதோறும் ஒன்று. டிஸ்டெம்பர், பார்வோ முதலிய வைரஸ் நோய்களுக்கான காப்பு சில ஆண்டுகள் நிலைக்கக்கூடும். லெப்டோஸ்பைராவுக்கான காப்பைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நம்ப முடியாது. தமிழ்நாட்டில் வருஷாந்தர ஊசியைப் பருவமழைக்கு முன்பு, ஆவணி புரட்டாசியிலேயே போட்டுவிடுவது, ஆபத்து மிகுந்த மாதங்களில் காப்பு உச்சத்திலிருக்கச் செய்யும். ஊசி போட்டபின் சில நாய்களுக்கு முகவீக்கமோ அரிப்போ உண்டாவது அபூர்வமாக நேரும். அரைமணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே காத்திருந்து புறப்படுவது அதற்குப் போதிய ஜாக்கிரதை.

ராஜபாளையம், கோம்பை, லாப்ரடார் என்ற ஜாதிப் பெருமையையும், நாட்டு நாய்க்கு எதிர்ப்புச் சக்தி அதிகம் என்ற நம்பிக்கையையும் இந்தக் கிருமி மதிப்பதில்லை. வீட்டை விட்டு வெளியே போகாத பொமரேனியனுக்கும், எலி வீட்டுக்குள் வருமாகையால், விலக்கில்லை. மனிதரின் நோய்க்கணக்கில் எலிக்காய்ச்சல் பதிவாவதற்கு முன்பே, அதே தெருவின் நீரில் வாய் வைக்கும் நாயிடம் அது தோன்றிவிடக்கூடும். அதனால், மழைக்குப் பின் ஒரு தெருவில் ஒரு நாய் இவ்வாறு நோயுற்றால், அந்தத் தெருவின் வடிகாலையும் குப்பைத் தொட்டியையும் பரிசோதிக்கும்படி கார்ப்பரேஷனிடம் சொல்வதற்கு அதுவே போதிய காரணம். நாயைக் காப்பாற்ற நாம் செய்ய வேண்டியவை யாவும், இரவில் கிண்ணத்தை உள்ளே வைப்பது முதல் ஆண்டுதோறும் ஊசி போடுவது வரை, வீட்டிலுள்ள மனிதரையும் சேர்த்தே காக்கின்றன. அவற்றுக்கு ஆகும் செலவும் சிரமமும், சிறுநீரகம் கெட்ட ஒரு நாயை ஒரே ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பதற்கு ஆவதைவிடக் குறைவு.